அடியில் ஓட்டை விட்ட மதில்

மழை இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கொடியில் காயும் உடுப்பை எடுக்க ஓடுவார்கள். சாச்சி மட்டும் குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போவாள்.

துணி கிழிந்து வீணாய்ப் போன குடையிலிருந்து முறித்தெடுத்த கம்பி அது. எந்த வீட்டு மதிலின் அடியில் தண்ணீர் போக ஓட்டை இருக்கிறதோ அதற்குள் அதை விட்டுக் குடைவாள். சருகு, மணல், பிளாஸ்டிக் பை எல்லாம் வெளியே வரும். ஓட்டையே இல்லாத மதிலின் சொந்தக்காரர் அந்த நேரம் வாசலில் நின்றால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

"இவ்வளவு சீமெந்து கொட்டி மதில் கட்டத் தெரிஞ்ச ஒங்களுக்கு ஒரு ஓட்டை வைக்கத் தெரியாதா? தண்ணிக்கு வழி விடுங்க."

"சாச்சி, இது கல்முனை. மணல் பூமி. ஊத்தின தண்ணி ஊத்தின இடத்திலயே போயிரும்" என்று சிரிப்பார்கள். ஒழுங்கைப் பிள்ளைகள் அவளுக்கு ஓட்டைச் சாச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுந்தாலும் கோபப்படமாட்டாள்.

"ஓட்டைதான். அதுக்கென்ன இப்ப?" என்பாள்.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் மட்டும் அவள் வாயே திறப்பதில்லை. உள்ளேயும் போகமாட்டாள். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டு, மழைக்குள் குனிந்து, அந்த மதிலின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே நின்றபடியே குடைந்துவிட்டுத் திரும்பி வருவாள். அது அவளுடைய சொந்த மகளின் வீடு. அவளும் அவள் புருஷன் சாச்சாவும் கட்டிக் கொடுத்த வீடு.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எங்களுக்குள் பெண் புகுந்த வீடு போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கென்று வீட்டைக் கட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்களும் அதிலே ஓர் அறையில் கண்மூடி மௌத்தாகும்வரை இருந்துகொள்வார்கள். மகளின் வீட்டுக்கு வெளியே வாழும் உம்மாவை எங்கள் பக்கம் காண்பது அபூர்வம். அப்படி ஒருத்தி இருந்தால் ஊர் ஆயிரம் கதை கட்டும். சாச்சியைப் பற்றியும் கட்டியது. அதில் ஒன்றும் உண்மையில்லை என்பதால்தான் நான் இதை எழுதுகிறேன். அவள் என் உம்மாவின் தங்கச்சி. பெயரை எழுத எனக்கு மனமில்லை. சாச்சி என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஓட்டைச் சாச்சி ஆவதற்கு முன்னால் அவள் மதில் சாச்சியாக இருந்தாள். மதில் விஷயத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ரோட்டில் போகிறவனின் தொப்பி நுனிகூட உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பது அவள் கணக்கு. குமர்ப் பிள்ளை இருக்கிற வீட்டில் மதில் ஒரு முழம் பதிந்திருந்தால் அந்த வீட்டுத் தேத்தண்ணியைக்கூடக் குடிக்கமாட்டாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

தொண்ணூறில் சண்டை மூண்டு ஊரில் பிரச்சினை வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போய்க் கிடந்தோம். சாச்சியின் மூத்தவள் அப்போதுதான் பெரிய பிள்ளையாகியிருந்தாள். சாச்சா இடுப்பில் உடுக்கும் சாரன் இரண்டைக் கிழித்துத் தைத்து, மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையில் திரை கட்டி, அதற்குள் மகளை இருத்தியிருந்தாள் சாச்சி. காற்றுக்குத் திரை விலகும்போதெல்லாம் எழும்பி ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பாள். சோறு வந்தாலும் ஒரு கையால் திரையைப் பிடித்தபடிதான் தின்றாள். பிள்ளை மலசலகூடத்துக்குப் போகும்போது ஆண்கள் நிறைந்த விறாந்தையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த நடை சாச்சியைத் தின்றுவிட்டது.

"இனி என்ட புள்ளய ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளயும் கொண்டுவந்து போடமாட்டன். என்ன வந்தாலும் என்ட நாலு செவத்துக்குள்ளதான்" என்று என் உம்மாவிடம் சொன்னாள். அப்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு சாச்சா குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் போனார். பதுளைப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் கடைத்தெருவில், புடைவையும் கருவாடும் விற்கும் கடை போட்டார். புதிதாகக் கலியாணம் முடித்திருந்த நானும் என் கணவரும் அவரோடு போய்ச் சேர்ந்தோம். கணவருக்குக் கடையில் பங்கு, எனக்குச் சாச்சியின் வீட்டில் ஓர் அறை.

போய்ச் சேர்ந்த அன்று சாச்சி பஸ்ஸை விட்டு இறங்கி, நாலு பக்கமும் எழுந்து நிற்கும் மலையைப் பார்த்துவிட்டு, "இந்த ஊரில வானத்த எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். குளிருக்கு இரண்டு சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திரிந்தாள். அவள் கருவாடு பொரித்தால் மேலே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் மணக்கும். லயத்திலிருந்து மருதாயி என்ற பெண் மணம் பிடித்தே இறங்கி வந்து எங்களுக்குச் சிநேகமானவள். சாச்சி அவளுக்குக் கறி கொடுத்து அனுப்பாத நாள் குறைவு.

சரிவின் காலடியில் வெட்டிச் சமப்படுத்திய நிலம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. சாச்சா வீடு கட்டத் தொடங்கினார். கூரை போடுவதற்கு முன்பே சாச்சி மதிலைக் கட்டுவித்தாள். பின்பக்கம் மலையை ஒட்டி எழுந்த மதிலின் அடியில் மேசன் இடைக்கிடை ஓட்டை விட்டிருந்தான்.

"இது என்ன, எலிக்கு வாசலா?" என்றாள் சாச்சி.

"மலைத்தண்ணி வெளிய வரணும்லம்மா."

"எங்கட ஊரில மதிலுக்கு ஓட்டை வைக்கிறல்ல. ஓட்டை வெச்சா அது வேலி. குமர்ப் புள்ள குளிக்கிற இடம் இது. அடைச்சிட்டுப் போங்க."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடைத்தான். எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. நாங்கள் அறிந்த வெள்ளம் கீழேயிருந்து ஏறி வரும். வாசற்படியில் நின்று எத்தனை படி ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். சாமானைப் பரணில் ஏற்றலாம். மண்ணுக்குள்ளே ஊறி, முதுகுப் பக்கமாக வந்து நிற்கும் தண்ணீரைக் கடற்கரை ஆட்கள் எங்கே கண்டார்கள்? வெள்ளம் வந்தால் என்ன செய்வதென்று சாச்சி முன்வாசலுக்கு உயரமான படிகள் வைத்தாள். மலையின் காலடியில் கல்முனை வீடொன்று எழுந்து நின்றது.

முதல் மாரியிலேயே அந்தப் பள்ளத்தாக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துபோனது. மழை தொடங்கி ஒரு கிழமை போனால் மண் இறங்கத் தொடங்கும். காலையில் எழும்பிப் பார்த்தால் எதிர்ச் சரிவில் சிவப்பாக ஒரு கீறல் இருக்கும். தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே ரோட்டுக்கு வந்து நிற்கும். பஸ் வராது, மரக்கறி வராது. ஆண்கள் மேலே போய் நிலம் வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள். லயத்தில் எல்லோரும் ஒரு மூட்டையைக் கட்டி வாசலோடு வைத்திருப்பார்கள். பள்ளிவாசலில் தொழுகை முடிந்த பிறகும் துஆ நீளும். ஒரு தடவை மேல் லயத்தின் கடைசி இரண்டு காம்பரா அறைகள் உள்ளே இருந்த பிள்ளைகளோடு மண்ணில் போயின. அன்றைக்குச் சாச்சி பெரிய சட்டியில் சோறாக்கி லயத்துக்கு அனுப்பிவிட்டு, வெறும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"இந்த ஊரில மண்ணுக்கும் கால் இரிக்கி" என்றாள்.

ஆனால் மதிலைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. லயத்துக்கு மதில் இல்லை, அதனால் போனது. எங்களுக்கு இருக்கிறது. அப்படித்தான் அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

இரண்டாவது மாரி விடவேயில்லை. போர்வை காயாது, தீப்பெட்டி பற்றாது. குசினிக் கதவு இறுகி மூடமுடியாமல் போனது. ஈரத்துக்கு மரம் ஊதிவிட்டது என்று சாச்சா கத்தியால் சீவினார். அடுத்த நாள் மறுபடி இறுகியது. பின்மதில் வியர்த்தது போல் நனைந்து நின்றது. மலையிலிருந்து பீலிக் குழாயில் வந்த தண்ணீர் சிவந்துபோனது.

அன்றைக்கு நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மருதாயி மூட்டையும் பிள்ளைகளுமாக வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, மேல வெடிச்சிருச்சாம். எல்லாரும் ஸ்கூலுக்குப் போறோம். நீங்களும் கெளம்புங்க."

"ஸ்கூலுக்கா?"

"ஆமாக்கா. எல்லாரும் அங்கதான் படுக்கிறோம்."

"ஆம்பிளையளும் அங்கதானா?"

"மழைக்கு எங்கக்கா போறது? எல்லாருந்தான்."

சாச்சா என் கணவரைப் பார்த்தார். "போவம்" என்றார். சாச்சி மூத்தவளைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. சாரன் திரைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்த பிள்ளை எனக்கே நினைவுக்கு வந்தது. சாச்சிக்கு வந்திராதா?

"எங்களுக்கு மதில் இரிக்கி புள்ள. நீங்க போங்க. விடிய வாறன், சோறு கொண்டு வாறன்" என்றாள் மருதாயியிடம்.

சாச்சா அதற்கு மேல் கதைக்கவில்லை. அவர் மனைவியை எதிர்த்துக் கதைத்ததை நான் கண்டதேயில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எல்லோரும் முன் அறையில் கூடியிருந்தோம். கூரைத் தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் கத்தித்தான் கதைக்கவேண்டும். மூத்தவள் தேத்தண்ணி ஊற்றுவதற்குக் குசினிக்குப் போனாள். அங்கிருந்து அவள் குரல் கேட்டது.

"உம்மா, இஞ்சி போடவா?"

"போடு. நல்லாத் தட்டிப் போடு" என்று சாச்சி கத்தினாள்.

பிறகு ஒரு லொறி கல்லைக் கொட்டியது போல் ஒரு சத்தம். கொஞ்ச நேரந்தான். மதில் உடைந்து சிதறவில்லை. அப்படியே ஒரே பலகையாகச் சாய்ந்து குசினியின் மேல் படுத்துவிட்டது. அதன் மேல் மண். நடு அறைக் கதவால் சேறு எங்கள் காலடிக்கு வந்தது. அதில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை மிதந்து வந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போன லயத்து ஆட்கள் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தார்கள். மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மண் இறங்கிக்கொண்டே இருந்தது. விழாமல் நின்ற மிச்ச மதிலுக்குப் பின்னால் தண்ணீர் குளமாகத் தேங்கி நிற்பதை மருதாயியின் புருஷன்தான் கண்டான். "தண்ணிய வெளிய விட்டாத்தான் மண்ணு நிக்கும்" என்று சொல்லி, அலவாங்குக் கம்பியால் மதிலின் அடியில் இடித்தான். மேசன் ஓட்டை விட்டு, பிறகு அடைத்த அதே இடம். சீமெந்து பொத்துக்கொண்டது. பால்தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் மண் இறங்குவது நின்றது.

சாச்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கட்டிப் பிடித்திருந்தேன். அந்த ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளையை எடுத்தபோது பொழுது பட்டு மஃரிப் ஆகிவிட்டது. நாங்கள் எல்லோரும் அன்று பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம். பிள்ளையின் ஜனாஸாவை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் குளிப்பாட்டினோம். மருதாயியும் மற்றப் பெண்களும் தங்கள் சேலைகளைப் பிடித்துச் சுற்றி மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு இடத்தில்கூடத் திரை விலகவில்லை.

மழைக்குள்ளேதான் அடக்கினார்கள். ஆண்கள் திரும்பி வந்ததும் சாச்சி சாச்சாவிடம் போய், "கபுறுக்குள்ள தண்ணி நிண்டதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் சாச்சா. "காஞ்ச மண்."

சாரனிலிருந்து நெஞ்சு வரைக்கும் சேறாக நின்றுகொண்டு அந்த மனிதர் அதைச் சொன்னார். தோண்டத் தோண்ட ஊறிய தண்ணீரைத் தகரப் பேணியால் அள்ளி அள்ளி ஊற்றியதையும், பிறகு முடியாமல் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி விட்டதையும் என் கணவர் எனக்குத் தனியாகச் சொன்னார். சாச்சாவின் வார்த்தையை நாங்கள் ஒருவரும் திருத்தவில்லை. சாச்சியும் நம்பியது போலத்தான் தலையாட்டினாள்.

கல்முனைக்குத் திரும்பினோம். ஊர்ப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களின் முதுகைத் தடவி விட்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல் நெஞ்சு என்று சில பேர் முணுமுணுத்தார்கள். அவர்களின் வாயைக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. வீட்டில் இஞ்சி வாங்குவது நின்றது. அதை ஒருவரும் சொல்லி நிறுத்தவில்லை. சாச்சா தானாகவே சந்தையில் இஞ்சிக்காரனைத் தாண்டி நடக்கப் பழகிக்கொண்டார். அடுத்த மாரியில் சாச்சி குடையை முறித்துக் கம்பியை எடுத்தாள்.

சின்னவளுக்குப் பதினெட்டு ஆனபோது நல்ல இடத்தில் சம்பந்தம் வந்தது. கையில் மிஞ்சியதையெல்லாம் போட்டு ஒழுங்கையின் கடைசியில் வீடு கட்டினார்கள். வீடு என்றால் மதில். அதை மாப்பிள்ளை வீட்டார் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். சாச்சி மறுக்கவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுந்தது. ஆனால் மேசனின் பக்கத்தில் நின்று நாலு பக்கமும் அடியில் ஓட்டை வைப்பித்தாள். ஒரு கை நுழையும் அளவு.

மாப்பிள்ளையின் உம்மா வந்து பார்த்தாள். "இது என்ன கூத்து? நாயும் பூனையும் வந்து போகவா என்ட மகனுக்கு ஊடு?" என்றாள். சாச்சா ஏதோ சொல்லிச் சமாளித்தார். கலியாணத்துக்கு முந்தின நாள் அவர்கள் ஆளை அனுப்பி, சாச்சி இல்லாத நேரம் பார்த்து, எல்லா ஓட்டைகளையும் சீமெந்தால் பூசிவிட்டுப் போனார்கள். மேலே வெள்ளையும் அடித்திருந்தார்கள்.

கலியாணத்தன்று காலையிலேயே மழை பிடித்தது. பந்தல் தகரத்தில் அடித்த சத்தம் கேட்டதும் சாச்சி எழும்பி மதிலைப் பார்க்கப் போனாள். நான் பின்னால் ஓடினேன். வெள்ளைப் பூச்சில் கையை வைத்து ஓட்டைகளைத் தேடினாள். பிறகு போய் அலவாங்கை எடுத்து வந்தாள். கலியாணச் சேலையோடு, வந்த விருந்தாளிகள் எல்லோரும் பார்த்திருக்க, மதிலின் அடியில் இடிக்கத் தொடங்கினாள்.

சாச்சா ஓடி வந்து அலவாங்கைப் பிடுங்கினார். அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போகப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் அடுத்த ஓட்டையை இடித்தார். பிறகு அதற்கு அடுத்தது. மழையில் அவருடைய தொப்பி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

மாப்பிள்ளையின் உம்மா நடு வாசலில் நின்று சொன்னாள்: "பைத்தியக்காரியோட ஒரு கூரைக்குக் கீழ என்ட மகன் இரிக்கமாட்டான். நிக்காஹ் வேணாம். நாங்க போறம்."

உள்ளே சின்னவள் மருதாணிக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள். நின்றுபோன கலியாணத்தின் பெண்ணுக்கு எங்கள் ஊரில் பிறகு யார் வருவான்? சாச்சி ஈரச் சேலையோடு மாப்பிள்ளையின் உம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வெக்கம் என்னாலதானே? நான் இந்த ஊட்டுல இரிக்கல்ல. இண்டைக்கே போறன். ஓட்டை மட்டும் இரிக்கட்டும்."

"போனா வரப்படாது."

"ஓம். நான் உள்ள வரல்ல. என்ட புள்ளட மதில அடைக்காதீங்க."

சம்பந்திக்கு அது லாபமான பேச்சாகப் பட்டிருக்க வேண்டும். நிக்காஹ் நடந்தது. போகும்போது சாச்சி மகளின் தலையைத் தடவினாள். "அழு புள்ள. தண்ணிக்கு வழி விடு" என்றாள். பிறகு சாச்சாவோடு என் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். மகள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். உம்மா அங்கே போகவில்லை. மருமகன் நல்ல பிள்ளை. "வாங்க மாமி" என்று பல தடவை கேட்டுப் பார்த்தார். கொடுத்த வாக்கை அவள் மாற்றவில்லை. வெளியே நின்று குடைந்தாள்.

அவளுடைய கடைசி மாரியில் சாச்சா இல்லை; அவர் முந்தின வருடமே போய்விட்டார். சாச்சி காய்ச்சலில் கிடந்தாள். பின்னேரம் மழை இறங்கியது. எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. குடைக்கம்பியை என் கையில் தந்தாள்.

"நீ போய்ப் பாரு."

போனேன். கடைசி வீட்டு மதிலில் முதல் ஓட்டை சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதற்குக் குனிந்தபோது, உள்ளேயிருந்து ஒரு குடைக்கம்பி சருகைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"ஆரு அங்க?" என்றேன்.

"நான்தான் ராத்தா" என்றது சின்னவளின் குரல், மதிலுக்கு அந்தப் பக்கம், நிலத்தோடு. "எல்லாம் பாத்துட்டன் எண்டு உம்மாக்கிட்டச் சொல்லுங்க."

திரும்பி வந்து சொன்னேன். சாச்சி கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

"தண்ணி ஓடுதா?"

"ஓடுது சாச்சி."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மூத்தவள அடக்கின அண்டைக்கு உன்ட புருஷனும் போனவர்தானே. அவட கபுறுக்குள்ள தண்ணி நிண்டதா? உண்மையச் சொல்லு."

இத்தனை வருடமாக நான் பயந்த கேள்வி அது. காய்ந்த மண் என்ற சொல் வாய்வரை வந்தது.

"நிண்டது சாச்சி" என்றேன். "பேணியால அள்ளி ஊத்தினாங்க. பிறகு ஒரு பக்கத்தால வெட்டி விட்டாங்க."

"ஓடினதா?"

"ஓடினதாம்."

அவள் முகம் கோணியது. அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகக் கண்டேன். சத்தமில்லாமல், தலையணை நனையும்வரை அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வெளியே மழை விட்டு, ஒழுங்கையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி ஒண்டு ஊத்திட்டு வா புள்ள" என்றாள்.

நான் குசினி வாசலுக்குப் போனதும் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"இஞ்சி போடு. நல்லாத் தட்டிப் போடு."